பட்டறைக் கேள்விகள்: நாலு சக்கரம், நாலு தராசு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும்தான். ரேஸ் சீசன் நெருங்குகிறது போலிருக்கிறது.

அண்ணா, எங்கள் கல்லூரி அணி ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஒன்று செய்திருக்கிறோம். டிரைவரோடு 300 கிலோ. நாலு மூலைக்கும் புது ஷாக்கும் ஸ்பிரிங்கும் மாட்டி இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டினோம். இடது திருப்பத்தில் மூக்கு திரும்பாமல் நேராகவே போகிறது. வலது திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வருகிறது. ஷாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா? (மாணவர், குரோம்பேட்டை)

கொடுக்காதீர்கள் தம்பி. ஷாக் பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

டீக்கடையில் ஆடுகிற மேஜையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கால் கொஞ்சம் நீளமாக இருந்தால் போதும், அந்தக் காலும் அதற்கு எதிர் மூலைக் காலும் சேர்ந்து மொத்த பாரத்தையும் வாங்கிக்கொள்ளும், மற்ற இரண்டும் சும்மா நிற்கும். உங்கள் கார் இப்போது அந்த மேஜைதான். ஸ்பிரிங்கைத் தாங்கும் காலரை, அதாவது திருகு வளையத்தை, நாலு மூலையிலும் கண்ணளவில் திருகியிருப்பீர்கள். நீங்கள் சொல்லும் குணத்தைப் பார்த்தால் வலது முன் சக்கரமும் இடது பின் சக்கரமும் அதிக பாரம் சுமக்கின்றன. இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கம் சாயும். ஏற்கெனவே சுமை ஏறிய வலது முன் டயர்தான் முதலில் கைவிடும், அதனால் மூக்கு திரும்பாது. வலது பக்கம் திரும்பினால் அதே கதி இடது பின் டயருக்கு.

எடை போட்டுப் பாருங்கள். ரேஸ் தராசு வாங்கக் காசு வேண்டாம். பழைய பேப்பர் கடையில் இருக்குமே, 150 கிலோ மேடைத் தராசு, ஒரே உயரத்தில் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு கிடைத்தால் போதும். ஒரே அரிசி மூட்டையை நாலிலும் வைத்து, நாலும் ஒரே எண் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். டயர் காற்றைச் சரிசெய்யுங்கள். டிரைவரை உட்காரவையுங்கள், அல்லது அவர் எடைக்கு மணல் மூட்டை. முன்னும் பின்னும் ஆன்டி ரோல் பார் (திருப்பத்தில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இருந்தால் ஒரு பக்க இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஷாக்கின் இறுக்கத்தை மாற்றும் குமிழை மிகத் தளர்வான நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

உதாரணத்துக்கு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: முன்னால் இடது 62, வலது 74, பின்னால் இடது 92, வலது 72. வலது முன்னையும் இடது பின்னையும் கூட்டினால் 166. மொத்தத்தில் 55 சதவீதத்துக்கு மேல். நமக்கு வேண்டியது பாதி, 150. அந்த இரண்டு மூலைக் காலரையும் அரைச் சுற்று தளர்த்தி, மற்ற இரண்டையும் அரைச் சுற்று இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் காரைக் கையால் நாலு தடவை அழுத்திவிட்டு எண்ணைப் படியுங்கள், இல்லாவிட்டால் மூட்டுகளின் உராய்வு பொய் சொல்லும். கடைசியில் 70, 66, 84, 80 என்று வந்து நிற்க வேண்டும். காலரைத் திருகி முன்-பின் எடையையோ இடது-வலது எடையையோ மாற்ற முடியாது. அதற்கு பேட்டரியையோ சீட்டையோதான் நகர்த்த வேண்டும்.

தராசு நிற்கும் தரையும் மட்டமாக இருக்க வேண்டும். அந்த விஷயத்தில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்க விழித்து இதே வேலையைச் செய்தேன். காகிதத்தில் கச்சிதமாக ஐம்பதுக்கு ஐம்பது. ஞாயிறு டிராக்கில் கார் முன்னைவிட மோசம். திங்கட்கிழமை கொத்தனார் ஒருவரை வரவழைத்து டியூப் லெவல் பிடித்தால், தண்ணீர் வடிவதற்காக என் ஷெட்டில் சாக்கடைப் பக்க மூலை மட்டும் 12 மில்லிமீட்டர் இறக்கம்! கார் ஓட்டியவர் அப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆகவே முதலில் டியூப் லெவல், அடியில் டைல்ஸ் துண்டு, அப்புறம்தான் தராசு.

புதுப்பேட்டையில் பழைய ஸ்பிரிங்குகள் வாங்கினேன். எண் எதுவும் இல்லை. எவ்வளவு கடினம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நீளம் கூடுதலாக இருந்தால் ஒரு சுருளை அறுக்கலாமா? (வாசகர், பெரம்பூர்)

பேரிங் அடிக்கும் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தராசை வைத்து, அதன்மேல் ஸ்பிரிங்கை நிறுத்துங்கள். நடுவே ஒரு கம்பி நுழைத்துவிடுங்கள், ஸ்பிரிங் தெறித்தால் முகம் போய்விடும். 10 மில்லி அழுத்தி எடையைக் குறியுங்கள், இன்னும் 20 மில்லி அழுத்தி மறுபடி குறியுங்கள். 31 கிலோ 91 ஆனால் வித்தியாசம் 60, அதை 20ஆல் வகுத்தால் மில்லிக்கு 3 கிலோ. வெளிநாட்டு ஸ்பிரிங்கில் அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று போட்டிருக்கும். நம் எண்ணை 56ஆல் பெருக்கினால் அது, ஏறக்குறைய 168.

அறுத்தால் ஸ்பிரிங் இறுகும். எட்டுச் சுருளில் ஒன்று போனால் 14 சதவீதம் கூடும், முனையும் தட்டையாக உட்காராது. கேஸ் கட்டிங்கில் ஸ்பிரிங்கைச் சூடாக்கிக் காரைத் தாழ்த்துகிறேன் என்பவரிடம் காரை விடாதீர்கள்.

இன்னொன்று. ஸ்பிரிங்கின் கடினம் அப்படியே சக்கரத்துக்குப் போவதில்லை. சக்கரம் 10 மில்லி ஏறும்போது ஷாக் 7 மில்லிதான் அமுங்குகிறது என்றால், 0.7ஐ 0.7ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்ட பாதிதான் சக்கரத்தில் இருக்கும். ஸ்பிரிங் இல்லாமல் ஷாக்கை மட்டும் மாட்டி, ஜாக்கியால் சக்கரத்தை முழுக்க ஏற்றி இறக்கினால் இதை அளந்துகொள்ளலாம். எந்தக் கம்பி எங்கே இடிக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஷாக்கைத் தலைகீழாக மாட்டலாமா? (வாசகர், ஆவடி)

உள்ளே ஒரே குழாய், தனிப் பிஸ்டனுக்குப் பின்னால் கேஸ் என்றால் தாராளமாக. இரட்டைக் குழாய் ஷாக் என்றால் வேண்டாம். எண்ணெயோடு காற்றும் உள்ளே போய், நுரைத்து, ஷாக் வேலை செய்யாது. படுக்கவைத்து மாட்டுவதற்கும் இதே பதில்.

அடுத்தடுத்து மேடுகளில் ஏறி இறங்கியபின் கார் தாழ்ந்தே ஓடுகிறது. ஸ்பிரிங் மென்மையா? (வாசகர், மடிப்பாக்கம்)

முதலில் ஷாக் விரியும் வேகத்தை மாற்றும் குமிழைப் பாருங்கள். அதை இறுக்கி வைத்திருந்தால், ஒரு மேட்டில் அமுங்கிய ஷாக் விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். கார் படிப்படியாகக் கீழே உட்காரும். இரண்டு கிளிக் தளர்த்தி ஓட்டுங்கள். தண்டில் ஒரு ரப்பர் வளையம் மாட்டிவைத்தால் எவ்வளவு அமுங்கியது என்று அது காட்டும். அடிவரை போயிருந்தால்தான் ஸ்பிரிங்கை மாற்றும் பேச்சு.

என் ஸ்விஃப்டில் ரேஸ் ஸ்பிரிங் போட்டு ஈசிஆரில் ஓட்ட ஆசை. (வாசகர், வேளச்சேரி)

ஈசிஆர் சரி. வீட்டுக்கு வேளச்சேரி வழியாகத்தானே வர வேண்டும், அதுவும் மழைக்காலத்தில்?