பொன்னாடைச் செலவு போக மீதி எவ்வளவு? கலைக்கொடை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அப்பா நினைவாகக் குடும்ப அறக்கட்டளை ஒன்று தொடங்கியிருக்கிறோம். ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் நாட்டுப்புறக் கலைகளுக்கு என்று முடிவு செய்திருக்கிறோம். அறுபது கலைஞர்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் கொடுத்து ஒரு விழா எடுத்துவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது என்கிறான் தம்பி. சரிதானா?
*– வாசகி, கோயம்புத்தூர்*

பதில்: மனக்குறை இருக்காது. பெரிய பலனும் இருக்காது. மண்டப வாடகை, மேடை, மைக் செட், சாப்பாடு, பொன்னாடை, கேடயம், அறுபது பேருக்குப் போக்குவரத்து எல்லாம் அந்த 6 லட்சத்திலிருந்துதானே போக வேண்டும்? முதலில் அந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள். பல விழாக்களில் கலைஞர் கைக்குப் போவதைவிடக் கலைஞரைச் சுற்றிச் செலவாவதுதான் அதிகம்.

அடுத்து, சமமாகப் பிரிப்பது நியாயமாகப் பிரிப்பது ஆகிவிடாது. தனியாகப் பாடும் ஒருவருக்குப் பத்தாயிரம் ஒரு தொகை. தெருக்கூத்து ஜமாவில், அதாவது குழுவில், நடிகர்கள், மத்தளக்காரர், முகவீணைக்காரர், ஹார்மோனியம் வாசிக்கும் பெட்டிக்காரர், பின்பாட்டுக்காரர் என்று ஏறக்குறைய பதினைந்து பேர் இருப்பார்கள். அதில் ஒருவரை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டுக் கவர் கொடுத்தால் ஜமாவுக்கு என்ன ஆகும்? கட்டைகள் என்று சொல்லும் வேஷ அணிகள் பழுதாகித்தான் கிடக்கும். கிரீடம், புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் கனமில்லாத மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டியவை. விடிய விடிய ஆட்டம், வியர்வை, வேனில் போகும்போது குலுக்கல். இரண்டு மூன்று பருவத்தில் சில்லு உதிர்ந்து, கட்டும் கயிறு இற்று, மூட்டு விட்டுவிடும். அதைச் சரிசெய்யும் செலவு தனிமனிதப் பரிசுப் பட்டியலில் வராது.

எங்கள் யோசனை இது. நான்கு குழுக்களை எடுங்கள். குழுவுக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு உறுதி. அதில் 4,80,000 போய்விடும். மீதி 1,20,000-ல் பாதி தேர்வுச் செலவுக்கு. பாதி, நோய், விபத்து, வாத்தியம் உடைந்தது போன்ற அவசரங்களுக்கு. மூன்று ஆண்டு என்று நாங்கள் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஓராண்டுப் பணத்தை நம்பி எந்த வாத்தியாரும் புதிதாக நான்கு பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுக்க மாட்டார். அடுத்த ஆண்டு அவர்களை என்ன செய்வது என்ற கவலை அவருக்கு.

எப்போது கொடுக்கிறீர்கள் என்பது எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்பதற்குச் சமம். வடமாவட்டக் கூத்துக்குப் பங்குனி தொடங்கி ஆடி வரைதான் கை நிறைய வேலை. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தெல்லாம் அந்தக் காலத்தில்தான். ஆகவே மாசியில் 40,000 கொடுங்கள்: கட்டை பழுதுபார்க்க, தோல் மாற்ற, வட்டிக்கு முன்பணம் வாங்காமல் பருவத்தைத் தொடங்க. மீதி 80,000-ஐ மழைக்காலத்தில், ஐப்பசி–கார்த்திகையில், மாதாமாதம் பிரித்துக் கொடுங்கள். ஆட்டம் இல்லாத அந்த மாதங்களில்தான் ஆட்கள் செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். பயிற்சி நடக்க வேண்டியதும் அப்போதுதான்.

தேர்வுக்குழு ஐந்து பேர் போதும்: வெவ்வேறு மாவட்டக் கலைஞர்கள் மூவர் (அதில் ஒருவராவது பெண்), கணக்கு தெரிந்த ஒருவர், உங்கள் குடும்பத்திலிருந்து ஒருவர். ஆண்டுதோறும் இருவரை மாற்றுங்கள். கலைஞர்களுக்கு அன்றைய கூலியும் பயணப்படியும் கொடுங்கள். பேராசிரியருக்கு மதிப்பூதியம், கலைஞருக்குத் தேநீர் என்ற பழக்கத்தை உங்கள் அறக்கட்டளையாவது பின்பற்றாமல் இருக்கட்டும்.

கேள்வி: எந்த நிதிக்கு மனுப் போட்டாலும் 12ஏ (அறக்கட்டளைக்கு வரிவிலக்குப் பதிவு) இருக்கிறதா, 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் பதிவு) இருக்கிறதா, மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை எங்கே என்று கேட்கிறார்கள். நாங்கள் ஒரு ஜமா. எங்களிடம் ஒரு வங்கிக் கணக்குகூடக் கிடையாது. எங்களுக்கு வழியே இல்லையா?
*– வாசகர், செய்யாறு*

பதில்: இருக்கிறது. இரண்டு வழி.

ஒன்று, தனிநபருக்கே நேரடியாக நல்கை தரும் அமைப்புகளை நாடுவது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் 1993-ல் தொடங்கியது. தனி ஆராய்ச்சியாளர், கலைஞர் எல்லாரும் மனுச் செய்யலாம், இந்திய மொழிகளில் எழுதலாம். தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் எழுதித் தரும் தம்பியைத் தேடிப் போனால் உங்கள் திட்டம் அவர் திட்டமாகத் திரும்பி வரும்.

இரண்டு, ஏற்கெனவே பதிவான ஓர் அறக்கட்டளையின் தோளில் நின்று பணம் பெறுவது. அவர்கள் கணக்கில் பணம் வரும், தணிக்கையை அவர்கள் பார்ப்பார்கள், வேலையை நீங்கள் செய்வீர்கள். வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒரு பக்க ஒப்பந்தம் போதும். ஆனால் அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும். நிர்வாகத்துக்கு அவர்கள் எத்தனை சதவீதம் பிடிப்பார்கள். பணம் வந்தபின் எத்தனை நாளில் உங்களுக்குத் தருவார்கள். பதிவுசெய்யும் ஒளிப்படம், காணொளி யாருக்குச் சொந்தம். அறிக்கையில் யார் பெயர் முதலில் வரும். மூன்றாவதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். பிறகு தங்கள் ஆட்டத்தைத் தாங்களே யூடியூபில் போட முடியாமல் நிற்பார்கள். அந்த அறக்கட்டளையின் பத்திரத்தில் கலை, பண்பாடு நோக்கமாக எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்வி, மருத்துவம் மட்டும் எழுதியிருந்தால் கூத்துக்குச் செலவழித்த கணக்கைத் தணிக்கையாளர் கேள்வி கேட்பார்.

நீங்களே பதிவுசெய்ய விரும்பினால்: சங்கம் என்றால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரப் பதிவு. அதன்பின் பான் எண், வங்கிக் கணக்கு, வருமான வரித் துறையில் தற்காலிகப் பதிவு. புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறியிருந்தாலும் எல்லாரும் 12ஏ, 80ஜி என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். பதிவு எடுத்துவிட்டால் கணக்குத் தாக்கல் செய்யும் பொறுப்பும் வந்துவிடும். பட்டயக் கணக்காளர் கட்டணம் ஆண்டுச் செலவாகிவிடும். ஆண்டுக்கு ஓரிரு லட்சம் மட்டுமே எதிர்பார்க்கும் ஜமாவுக்கு, பதிவான அறக்கட்டளையின் தோளில் நிற்கும் அந்த இரண்டாவது வழியே மேல்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பிரிவில் வேலை பார்க்கிறேன். கலைக்கு ஒதுக்கலாம் என்றால் மேலிடம் தயங்குகிறது. கொடுத்தாலும் மார்ச் கடைசியில்தான் பணம் விடுவிக்கப்படுகிறது. பொங்கல் விழாவுக்குக் கூத்து ஏற்பாடு செய்ததை இதில் காட்டலாமா என்றும் கேட்கிறார்கள்.
*– வாசகர், ஓசூர்*

பதில்: பொங்கல் விழாவை முதலில் தள்ளிவிடுவோம்: காட்ட முடியாது. ஊழியர்களுக்கு மட்டும் பயன்படுவதும், பொருளுக்கு விளம்பரம் தேடித்தரும் ஸ்பான்சர்ஷிப்பும் விதிப்படியே விலக்கப்பட்டவை. ஒருநாள் நிகழ்ச்சிகளுக்கும் அதே கதி.

கலைக்குத் தயங்கவே வேண்டாம். 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் சி.எஸ்.ஆர். பணிகளைப் பட்டியலிடும் ஏழாம் அட்டவணையில் ஐந்தாவது இனமே பாரம்பரியம், கலை, பண்பாடு, பாரம்பரியக் கலைகள், கைவினை, பொது நூலகம்தான். பள்ளிக் கழிப்பறைக்கும் மருத்துவ முகாமுக்கும் உள்ள அதே சட்டத் தகுதி மத்தளத்துக்கும் உண்டு.

மார்ச் நெருக்கடிக்கு வழி, திட்டத்தைத் ‘தொடர் திட்டம்’ என்று இயக்குநர் குழுத் தீர்மானத்தில் எழுதுவது. தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை அது ஓடலாம். செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் அதற்கென்று தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும். அதைச் செய்யாமல் மார்ச் 28-ல் பணத்தை அனுப்பி ‘31-க்குள் செலவழித்துச் சான்றிதழ் கொடுங்கள்’ என்று கேட்பதால்தான் வாங்குபவர் தேவையில்லாத ஒலிபெருக்கியை வாங்கிவைக்கிறார். பங்குனியில் ஆட்டத்துக்குப் போன ஜமா, கையெழுத்துப் போட ஓசூருக்கு வரவும் முடியாது.

பரவலாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் விதி ஒன்று உண்டு. நிர்வாகச் செலவுக்கு 5 சதவீத வரம்பு என்பது உங்கள் நிறுவனம் சி.எஸ்.ஆர். பணியை நடத்தச் செய்யும் பொதுச் செலவுக்கு. திட்டத்தை நடத்தும் அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் சம்பளம், பயணம், கண்காணிப்பு எல்லாம் திட்டச் செலவு. இந்த வரம்பில் வராது. இதைப் போய்க் கலை அமைப்பின் தலையில் வைத்து ‘5 சதவீதத்துக்குமேல் சம்பளம் கூடாது’ என்பவர்கள் ஏராளம். விளைவு, ஒருங்கிணைப்பாளர் சம்பளமில்லாமல் வேலை செய்வார், ஆறு மாதத்தில் போய்விடுவார், அறிக்கை வராது, ‘கலை அமைப்புகளுக்கு நிர்வாகம் தெரியாது’ என்று உங்கள் கோப்பில் ஒரு குறிப்பு ஏறும்.

நிறுவனத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை என்று சட்டம் சொல்கிறது. அதனால் ஆலை இருக்கும் ஓசூரும் ஸ்ரீபெரும்புதூரும் வளம்பெறும், ராமநாதபுரத்துக் கலைஞர் காத்திருப்பார். அந்த முன்னுரிமை வழிகாட்டல்தான், கட்டாயம் இல்லை என்று நிறுவன விவகார அமைச்சகமே 2021-ல் விளக்கிவிட்டது. விளக்கத்தை அச்செடுத்து மேலிடத்தின் மேசையில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பறைக் கலைஞர்களுக்காகப் பணம் திரட்டினோம். தமிழ்நாட்டில் உள்ள ஒரு சிறு அறக்கட்டளைக்கு அனுப்பலாமா?
*– வாசகர், டொராண்டோ*

பதில்: அந்த அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லையென்றால் அனுப்பாதீர்கள். சிக்கல் உங்களுக்கு அல்ல, வாங்குபவருக்கு. பதிவு உண்டென்றாலும் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அவர்கள் வைத்திருக்கும் கணக்குக்குத்தான் போக வேண்டும்.

பதிவுள்ள பெரிய அமைப்புக்கு அனுப்பி, ‘நீங்கள் சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்’ என்றும் சொல்ல முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றித்தரத் தடை. அடிபட்டவை சிறு கலைக்குழுக்கள்தான். அதுவரை பெரிய அமைப்பின் வழியாகத்தான் அவர்களுக்குப் பணம் சொட்டிக்கொண்டிருந்தது. பெரிய அமைப்பு தானே பயிற்சி முகாம் நடத்தி ஆசான்களுக்கு ஊதியம் தருவதற்குத் தடையில்லை. அந்த வழியில் பேசுங்கள்.

உறுப்பினர்களில் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தனித்தனியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடியக் குடியுரிமை வாங்கியவர்கள், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான அட்டை) இருந்தாலும், வெளிநாட்டவர் கணக்கில்தான் வருவார்கள். சங்கத்தின் பொதுப்பணமும் அப்படியே.

இன்னொரு நேர்வழி: இணையவழி வகுப்புக்கோ நிகழ்ச்சிக்கோ கலைஞரை அமர்த்தி, ஒப்பந்தம் எழுதி, கட்டணமாகக் கொடுப்பது. செய்த வேலைக்கு வாங்கும் கட்டணம் நன்கொடை அல்ல.

கேள்வி: எங்கள் பெண்கள் பறைக்குழுவை விழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள். வாசலில் வரவேற்புக்கு அடிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மேடை நிகழ்ச்சிக்கு உள்ள தொகை எங்களுக்கு இல்லை. நிதி கொடுப்பவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?
*– வாசகி, திண்டுக்கல்*

பதில்: முதலில், நிகழ்ச்சி நிரலில் உங்கள் பெயரும் நேரமும் அச்சாகியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். வரவேற்பு என்றால் ‘ஏற்பாட்டுச் செலவு’, நிகழ்ச்சி என்றால் ‘கலைஞர் ஊதியம்’. பணம் எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறதோ அதைப் பொறுத்துத்தான் தொகை. கர்நாடகக் கச்சேரிக்குப் பக்கவாத்தியக்காரருக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டு, அதைக் குழுவில் ஒருவருக்கான அளவுகோலாக வையுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

வரவுசெலவுத் திட்டத்தில் நீங்களே எழுதிக்கொடுக்க வேண்டியவை: உடை மாற்றப் பூட்டுள்ள அறை, கழிப்பறை, இரவு நிகழ்ச்சி என்றால் வீடு வரை வண்டி, கைக்குழந்தை உள்ளவருக்குத் துணை ஆள். இவை சலுகை அல்ல, செலவு இனங்கள். எழுதாவிட்டால் தொகையிலிருந்து கரையும்.

பறைக்கென்றே உள்ள செலவும் உண்டு. மழை ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சினால்தான் நாதம் வரும். குளிர்சாதன அரங்கில் நெருப்புக்கு அனுமதி இருக்காது. வெளியே காய்ச்ச இடமும், காய்ச்சிய பறை குளிர்வதற்குள் மேடையேறும்படி நிரலும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அரைமணி நேரம் பேச்சாளர் நீட்டினால் மறுபடி காய்ச்ச வேண்டியிருக்கும். மாற்றுத் தோலுக்கும், பறையடிக்கையில் ஒடியும் சிண்டுக்குச்சிகளுக்கும் தனிச் செலவு இனம் எழுதுங்கள்.

பணத்தைக் குழுத்தலைவர் பெயரில் மொத்தமாக வாங்காதீர்கள். ஒரே பெயரில் ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனங்கள் வழக்கமாக 10 சதவீத வரி பிடித்துவிடும். பான் எண் இல்லையென்றால் 20 சதவீதம். அவர் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறும்வரை மற்றவர்களுக்குக் கைப்பணத்தைப் போட வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் கொடுத்து, அவரவர் கணக்குக்கே ஊதியம் வரச்சொல்லுங்கள். யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்ற சந்தேகமும் வராது. நிகழ்ச்சித் தொகை 1,50,000-க்குள் இருந்தால் நாட்டுப்புறக் கலைஞரின் நிகழ்ச்சிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ‘ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் பணம் தர முடியாது’ என்று சொல்லும் கணக்குப் பிரிவுக்கு இதைச் சொல்லலாம்.

கேள்வி: கலை அறக்கட்டளைக்கு 5,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தேன். வரிச்சலுகை உண்டா?
*– வாசகர், கும்பகோணம்*

பதில்: இல்லை. ரொக்கம் 2,000 ரூபாயைத் தாண்டினால் 80ஜி சலுகை கிடையாது. நீங்கள் புதிய வரிமுறையில் இருந்தால் காசோலையாகக் கொடுத்திருந்தாலும் கிடையாது. பழைய முறையில் இருப்பவர்கள், அறக்கட்டளை வருமான வரி இணையதளத்திலிருந்து எடுத்துத் தரும் நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். கையால் எழுதிய ரசீது மட்டும் போதாது.

கேள்வி: கிராமத்தில் நடத்தும் பயிற்சிக்குப் பில் எங்கே கிடைக்கும்? டீக்கடைக்காரர் பில் தருவதில்லை. நிதி கொடுத்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஜி.எஸ்.டி. பில் கேட்கிறார்கள்.
*– வாசகர், திருவண்ணாமலை*

பதில்: ஜி.எஸ்.டி. பதிவே தேவைப்படாத சிறு கடையிடம் அந்தப் பில் கேட்பது வீண். நாள், ஊர், எதற்கு, எவ்வளவு, யாருக்கு, அவர் கைப்பேசி எண், கையெழுத்து அல்லது கைரேகை; இவை உள்ள செலவுச் சீட்டே கணக்குக்குப் போதும். 5,000-க்கு மேல் பணம் பெற்ற ரசீது என்றால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000-க்கு மேல் ரொக்கம் கொடுக்காதீர்கள். வரிக் கணக்கில் அந்தச் செலவைத் தள்ளிவிடுவார்கள்.

ஒப்பந்தம் போடும்போதே ‘2,000 ரூபாய் வரை செலவுச் சீட்டு ஏற்கப்படும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பயிற்சி முடிந்தபின் கேட்டால், கடைசித் தவணையை நிறுத்திவைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.