மகனை ஊரில் விட்டுவிட்டு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி: மெல்பர்னில் நிறுவனத்தின் ஆதரவு பெற்ற தற்காலிக விசாவில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். அதே நிறுவனத்தின் மூலம் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்க இருக்கும் நேரத்தில், ஆட்டிசம் உள்ள எங்கள் ஏழு வயது மகனால் விண்ணப்பம் முழுவதுமே நிராகரிக்கப்படலாம் என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். அவனைத் திருச்சியில் என் தாயாரிடம் விட்டுவிட்டு, நான், மனைவி, மூத்த பிள்ளை ஆகிய மூவருக்கு மட்டும் விண்ணப்பிக்கலாமா? இது பாகுபாடு இல்லையா? மனித உரிமை ஆணையத்தை அணுக வழியுண்டா?
– ஒரு வாசகர், மெல்பர்ன்

பதில்: முதலில், மகனைத் திருச்சிக்கு அனுப்பாதீர்கள். பெரும்பாலான நிரந்தர விசாக்களில், உடன் குடியேறாத குடும்ப உறுப்பினரும் மருத்துவ விதியை நிறைவு செய்தாக வேண்டும். அவருக்குப் பரிசோதனை கோருவது நியாயமற்றது என்று அதிகாரி ஏற்கும் அரிய சூழல்களில் மட்டுமே விலக்கு உண்டு. எனவே அவனைப் பிரிந்த துயரம் மிஞ்சுமேயன்றி, விண்ணப்பத்துக்கு எந்தப் பயனும் இராது.

பாகுபாடுதான். ஆனால் சட்டமே அனுமதித்த பாகுபாடு. ஆஸ்திரேலியாவின் 1992-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டம் பள்ளியையும் கடையையும் அலுவலகத்தையும் கட்டுப்படுத்துகிறது. அதன் 52-ஆம் பிரிவோ, 1958-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்கும் அதன் கீழ் எடுக்கப்படும் நடவடிக்கைகளுக்கும் விலக்களித்துவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2008-இல் ஏற்றபோதும், அயல்நாட்டினருக்கான தன் மருத்துவ விதிகளை அது பாதிக்காது என்று ஆஸ்திரேலியா தனியாக ஓர் அறிவிப்பைச் சேர்த்தே ஏற்றது. ஆகவே ஆணையத்திடம் செய்யும் முறையீடு, விசா முடிவை மாற்றும் வழியாகாது.

இனி, உண்மையில் எதற்காக நிராகரிக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். ‘ஆட்டிசம் உள்ளவருக்கு அனுமதி இல்லை’ என்று எந்த விதியும் சொல்லவில்லை. அரசின் மருத்துவ அதிகாரி, மருத்துவத்துக்கும் சமூக சேவைகளுக்கும் அரசுக்கு ஆகக்கூடிய செலவைக் கணக்கிடுகிறார். நிரந்தர விசாவில், நீடித்திருக்கும் நிலைமைகளுக்கு இக்கணக்கு 10 ஆண்டுகள் வரை நீளலாம். மொத்தம் வரம்பைத் தாண்டினால் மருத்துவ விதி நிறைவேறவில்லை என்று பொருள். 51,000 டாலராக இருந்த அவ்வரம்பு 2024 ஜூலை 1 முதல் 86,000 டாலராக உயர்த்தப்பட்டது. 10 ஆண்டுகளுக்குப் பங்கிட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு 8,600 டாலர்தான்.

இந்தக் கணக்கில் உங்கள் மகன் இல்லை என்பதே எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுகிறது. அவனுக்கு இருக்கும் அதே நிலைமை கொண்ட, கற்பனையான ஒருவருக்கு ஆகும் செலவையே அதிகாரி மதிப்பிடுகிறார். அச்சேவையை நீங்கள் நாடமாட்டீர்கள் என்பதோ, செலவை நீங்களே ஏற்பீர்கள் என்பதோ, தனியார் காப்பீடு இருக்கிறது என்பதோ கணக்கில் வராது. ஆயினும் 2005-இல் கூட்டாட்சி நீதிமன்றம், டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒரு சிறுவனின் வழக்கில், நோயின் பெயரை மட்டும் கொண்டு மதிப்பிடுவது தவறு, அந்தக் குழந்தைக்கு அது எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் பிடிமானம் இதுவே. குழந்தைநல மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், வகுப்பாசிரியர் ஆகியோரிடம், அவன் இன்று தானாகச் செய்பவை எவை, உதவி தேவைப்படுவது எங்கே, ஓராண்டில் என்ன மாறியிருக்கிறது என்பதை விளக்கும் தேதியிட்ட அறிக்கைகளைப் பெறுங்கள். இரக்கம் கோரும் கடிதங்களைவிட இவற்றுக்கு எடை அதிகம். ஏனெனில் மருத்துவ அதிகாரியின் கருத்தைச் சரியென ஏற்க வேண்டிய கட்டாயம் விசா அதிகாரிக்கு உண்டு. கருத்து பாதகமாக வந்து விளக்கம் கேட்கப்பட்டால், கெடுவுக்குள் புதிய அறிக்கைகளை அனுப்பி மறுமதிப்பீடு கோருங்கள்.

விசாப் பிரிவையும் கவனியுங்கள். 4005 எனப்படும் மருத்துவ அளவுகோல் பொருந்தும் 189 போன்ற தனித்திறன் விசாக்களில் தளர்வு கிடையாது. வாழ்க்கைத்துணை விசாவுக்கும், உங்களைப் போல் அதே நிறுவனத்தில் பணியாற்றிய பின் தற்காலிகத்திலிருந்து மாறும் 186 விசாவுக்கும் (நிறுவன ஆதரவு பெற்ற நிரந்தர விசா) பொருந்தும் 4007 அளவுகோலில், செலவு அளவு மீறியதல்ல என்று கருதினால் விதியைத் தளர்த்த முடியும். உங்கள் பணியின் தேவை, மனைவியின் வருமானம், இங்கே வளரும் மூத்த பிள்ளையின் படிப்பு ஆகியவற்றை அப்போதுதான் சொல்ல வேண்டும். விண்ணப்பிக்கும் முன்பே பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகரைக் கலந்துகொள்ளுங்கள். தவறான பிரிவில் கட்டிய கட்டணம் பொதுவாகத் திரும்பி வராது.

கேள்வி: கனடாவிலும் இதே நிலைதானா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: அங்கும், மருத்துவ, சமூக சேவைகளுக்கு ‘அளவுமீறிய சுமை’ ஆவோரை மறுக்கும் விதி உண்டு. ஆனால் 2005-இல் கனடா உச்ச நீதிமன்றம், குடும்பத்தின் வசதியையும் செலவை ஏற்கும் விருப்பத்தையும் சேர்த்து ஒவ்வொருவரையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும் என்றது. 2018-இல் செலவு வரம்பு மும்மடங்காக்கப்பட்டு, சிறப்புக் கல்விச் செலவும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஆதரவளித்து அழைக்கப்படும் வாழ்க்கைத்துணைக்கும், சார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும், அகதிகளுக்கும் இவ்விதி பொருந்தாது.