கடிதத்தில் கேட்காமல் விட்ட கேள்வி

கேள்வி: எங்கள் ஊர் திருவட்டாறு. கணவர் 9 ஆண்டுகளாகக் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறார். மகளின் 11-ஆம் வகுப்புக்கும் நீட் பயிற்சிக்குமாகச் சென்ற ஜூன் மாதம் அவளோடு நாகர்கோவிலில் வாடகை வீட்டுக்கு வந்தேன். அதுவரை அவள் என் மாமியாரின் கைக்குள்ளேயே வளர்ந்தவள். வந்த சில வாரங்களிலேயே காலையில் வயிற்றுவலி, பள்ளி வாசலில் நெஞ்சுப் படபடப்பு, உள்ளங்கை வியர்ப்பது என்று தொடங்கிவிட்டது. இசிஜி எடுத்தோம், ஒன்றுமில்லை என்றார்கள். காலை 5 மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்தாலும் அரை மணி நேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்தாம் வகுப்பில் 470 மதிப்பெண் எடுத்தவள் இப்போது இரண்டு பாடங்களில் தோல்வி. பள்ளியின் ஆலோசகர் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவரோ மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்கிறார். இரவு 11.30 மணிக்கு அவள் அப்பா வேலை முடிந்து அழைக்கும்போது மட்டும் சிரித்துப் பேசுகிறாள். அவர் மனம் கலங்கினால் கிரேனில் கவனம் தப்பிவிடுமே என்று, என்ன பேச வேண்டும் என்பதை நானே முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்துவிடுவேன். டிசம்பர் மாத விடுப்பையும் வீட்டுக் கடனுக்காக அவர் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிட்டார். இது கவனக்குறைபாடா, சோம்பலா? மருத்துவரிடம் போனால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் தடையாகாதா? மாத்திரை பழக்கமாகிவிடாதா?
– ஒரு தாய், நாகர்கோவில்

பதில்:

சகோதரி, உங்கள் கடிதம் மூன்று கேள்விகளோடு முடிகிறது. ஆனால் நான் பதில் சொல்ல வேண்டிய விஷயம், கேள்விக்குறியே இல்லாமல் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் வாக்கியத்தில் இருக்கிறது. மகள் தகப்பனிடம் என்ன பேச வேண்டும் என்பதை நீங்களே முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்துவிடுகிறீர்கள். இதே கடிதம் மார்த்தாண்டத்திலிருந்தும் குளச்சலிலிருந்தும் குலசேகரத்திலிருந்தும் எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. ஒன்றில் கணவர் சவூதியில் இருப்பார், இன்னொன்றில் கத்தாரில் இருப்பார். பிள்ளைக்கு ஒரு கடிதத்தில் வயிற்றுவலி என்றால் இன்னொன்றில் தலைவலி. அப்பாவிடம் சொல்லாதே என்கிற ஏற்பாடு மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுபோலவே நடக்கிறது. அதை ஒரு குற்றமாக யாரும் எண்ணி எழுதியதில்லை.

உங்கள் வீட்டில் ஒவ்வோர் இரவும் என்ன நடக்கிறது என்பதைச் சற்று விலகி நின்று பாருங்கள். பகலெல்லாம் பயத்தோடு போராடிக் களைத்த 16 வயதுப் பெண்ணை, தூங்கியிருக்க வேண்டிய நேரத்தில் எழுப்பி உட்கார வைத்து, வகுப்பில் நடந்ததைச் சொல்லாதே, தேர்வில் தோற்றதைச் சொல்லாதே, நன்றாகப் படிக்கிறேன் என்று சொல் என்று பாடம் சொல்லி, பிறகு சிரிக்கச் சொல்கிறீர்கள். ஆலோசகர் கேட்டபோது ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள் என வருத்தப்படுகிறீர்களே, அந்தப் பதிலை அவளுக்கு மனப்பாடம் செய்துவைத்தது யார்? பெரியவர்கள் கேட்டால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நாள்தோறும் பழக்கப்பட்ட பிள்ளை, முன்பின் அறியாத ஒருவரிடம் மட்டும் மனதைத் திறந்துவிடுமா? நாளை நீங்கள் எவ்வளவு தேர்ந்த மருத்துவரிடம் அழைத்துப் போனாலும் அவருக்கும் முதலில் இந்தப் பதிலே கிடைக்கும்.

இதைவிடக் கடுமையான ஒன்றும் இதில் இருக்கிறது. அப்பா கலங்கினால் கிரேனில் கவனம் தப்பிவிடும் என்ற உங்கள் பயத்தை அந்தப் பெண்ணிடமும் சொல்லித்தானே வாயை அடைத்திருப்பீர்கள்? அப்படியானால், அவளுடைய கண்ணீர் ஒரு மனிதரின் உயிருக்கு ஆபத்து என்று அவளை நம்ப வைத்திருக்கிறீர்கள். ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும் பிள்ளையின் தலையில் தகப்பனின் உயிரைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றி வைத்துவிட்டு, ஏன் காலையில் வயிறு வலிக்கிறது என்று கேட்கிறீர்கள். பயம் என்பது வெளியே சொல்லத் தகாத ஒன்று என்று கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, பயம் வருமோ என்பதே அடுத்த பயமாகிவிடும். பள்ளி வாசலில் படபடக்கும்போது படபடப்பை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற தவிப்பும் சேர்ந்துகொள்ளும். இசிஜியில் ஒன்றுமில்லை என்றால் இதயத்தில் நோய் இல்லை என்று பொருள். அவளுக்கே ஒன்றுமில்லை என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். ஆபத்து என்று மூளை கருதும்போது உடல் அட்ரினலினைச் சுரக்கிறது. இதயம் வேகமெடுப்பதும் கை வியர்ப்பதும் வயிறு பிசைவதும் அதனால்தான். அவள் நடிக்கவில்லை, நடிப்பது இரவு 11.30 மணிக்கு மட்டுமே.

அந்த 11.30-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். குவைத் நம்மைவிட 2.30 மணி நேரம் பின்னால் இருப்பதால், உங்கள் கணவர் இரவு 9 மணிக்கு வேலை முடிந்து நிம்மதியாக அழைக்கும்போது இங்கே நள்ளிரவு நெருங்கிவிடுகிறது. பேசி முடித்து 12 மணிக்குப் படுக்கும் பெண்ணை 5 மணிக்கு எழுப்பிவிடுகிறீர்கள். இந்த வயதுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவளுக்குக் கிடைப்பதோ பாதி. இந்தத் தூக்கத்தில் நீங்களும் நானும்கூட அரை மணி நேரம் ஒரே பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். சோம்பல் என்ற சொல்லை இன்றோடு வீட்டில் பேசாதீர்கள்.

கவனக்குறைபாடு இருக்கிறதா என்பதைக் கடிதத்தை வைத்து நானோ, மகளைப் பார்த்துப் பார்த்து நீங்களோ முடிவு செய்ய முடியாது. ஆனால் மருத்துவர் எதைக் கேட்பார் என்பதைச் சொல்லலாம். ஏடிஎச்டி என்று சொல்லப்படும் கோளாறு 16 வயதில் திடீரென்று முளைப்பதில்லை. 12 வயதுக்கு முன்பே அதன் அடையாளங்கள் இருந்திருக்க வேண்டும், பள்ளி, வீடு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிந்திருக்க வேண்டும், 6 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளிடம் இது பலசமயம் ஓடியாடும் குறும்பாக வராமல், அமைதியாக எங்கோ பார்த்துக்கொண்டிருப்பதாகவும் பொருள்களைத் தொலைப்பதாகவும் மட்டும் இருப்பதால் பெரியவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கும் இது இருக்கக்கூடும். ஆகவே திருவட்டாற்றுப் பள்ளியின் பழைய தேர்ச்சி அட்டைகளைத் தேடி எடுங்கள். அவள் குழந்தையாக இருந்தபோது வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோவாளா, குடையையும் தண்ணீர் பாட்டிலையும் மாதந்தோறும் தொலைப்பாளா என்று உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். அந்த ஆண்டுகளை உங்களைவிட நன்றாக அறிந்தவர் அவர்தான். அப்போது அப்படி எதுவும் இல்லாமல் இடம் மாறிய பிறகுதான் எல்லாம் தொடங்கியது என்றால், பதற்றமும் தூக்கமின்மையும் அவளுடைய கவனத்தைத் தின்கின்றன என்று எண்ணவே இடமிருக்கிறது.

மருத்துவரிடம் போவதா வேண்டாமா என்று யோசிக்கும் கட்டம் தாண்டிவிட்டது. ஆசாரிப்பள்ளத்தில் கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டு எடுத்து மனநலப் பிரிவில் காட்டுங்கள். சோர்வும் படபடப்பும் உள்ள பெண் என்பதால் ரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். முதலில் உங்களிடம் பேசிவிட்டுப் பிறகு அவளிடம் தனியாகப் பேச வேண்டும் என்பார்கள். அப்போது தாய்க்குத் தெரியாத ரகசியமா என்று வாசலில் நிற்காமல் எழுந்து வெளியே வாருங்கள். ஆலோசனை ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. வாரம் ஒருமுறை என்று சில மாதங்கள் தொடரக்கூடும். பயம் எப்போது வருகிறது, அந்த நேரத்தில் மனதில் ஓடும் எண்ணம் என்ன, அது எவ்வளவு உண்மை என்று பிள்ளையே கவனிக்கக் கற்றுக்கொண்டு, தவிர்த்து வந்த இடங்களைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழகுவதே அதன் சாரம். வெளியே வந்ததும், என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்று பேருந்து நிறுத்தத்திலேயே விசாரிக்காதீர்கள். நேரில் போகும் துணிவு வரும்வரை 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் இலவசமாகப் பேசலாம். அவளே பேசவும் செய்யலாம். வாழப் பிடிக்கவில்லை என்று அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டதன் அடையாளம் தெரிந்தாலோ, காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மாத்திரை எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டு மருத்துவர் கொடுத்தால், பதற்றத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கும் மருந்துகள் மதுவைப்போல அடிமைப்படுத்துபவை அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நாமாகவே திடீரென்று நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். கல்யாணப் பேச்சைப் பற்றிக் கேட்டதற்கு எனக்குக் கோபம்தான் வருகிறது. சட்டப்படியே இன்னும் கல்யாண வயது ஆகாத பெண்ணின் வயிற்றுவலிக்கு, என்றோ வரப்போகும் மாப்பிள்ளை வீட்டாரிடம் அனுமதி கேட்கிறீர்கள். மருத்துவர் தெரிந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. நோய் மறைத்துக் கட்டிக் கொடுத்த பெண்களிடமிருந்தும் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. அவற்றைப் படித்தால் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள்.

இனி உங்கள் கணவர். பிள்ளைக்காகக் கவலைப்படுவது தகப்பனின் கடமைகளில் ஒன்று என்பது என் உறுதியான எண்ணம். பணம் அனுப்புவதோடு அது தீர்ந்துவிடாது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவரை வீட்டின் கல்லாப்பெட்டியாக மட்டும் வைத்திருக்கிறீர்கள். கிரேன் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதுதான். அதற்காகத்தான் சொல்லும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குவைத்தில் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அவருக்கும் அன்று ஓய்வு என்றால், பகலில் நீங்கள் தனியாக அழைத்து, நடந்தது அனைத்தையும், நீங்கள் பாடம் சொல்லிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்பு மகளிடம் உட்கார்ந்து, "மக்களே, அப்பாவிடம் இனி மறைக்க வேண்டாம், நான்தான் உன்னை அப்படிப் பேச வைத்தேன், நானே சொல்கிறேன்" என்று சொல்லி அவள் சம்மதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். அவளுக்குத் தெரியாமல் சொன்னால் அது இன்னொரு மறைப்பாகிவிடும். நான் இவ்வளவு கஷ்டப்படுவது உனக்காகத்தானே என்று அவளிடம் தொடங்க வேண்டாம் என்று அவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் இவ்வளவு நாளும் சிரித்தாள்.

தினசரி அழைப்பை நிறுத்திவிட்டு, அவருடைய ஓய்வு நாளின் பகல் நேரத்துக்கு மாற்றுங்கள். விடியற்காலைப் படிப்பைச் சில வாரங்களுக்காவது நிறுத்தி வையுங்கள். நீட் பயிற்சியைத் தொடர்வதா என்பதை மருத்துவரைப் பார்த்த பிறகு மூவருமாகப் பேசி முடிவு செய்யலாம். மாதம் இரண்டு முறையாவது அவளைத் திருவட்டாற்றுக்கு அழைத்துப் போய் ஒரு சனி, ஞாயிறு பாட்டியோடு இருக்க விடுங்கள். போகும்போது புத்தகப் பையை நாகர்கோவிலிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

விடுப்பைத் தள்ளிப்போட்டபோது மகளின் நிலை அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் கடனை நினைத்து அடுத்த ஆண்டே வருகிறேன் என்று அவர் சொல்லலாம். டிசம்பரிலேயே கிளம்பி வரலாம். அந்த வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, வாருங்கள் என்றோ வர வேண்டாம் என்றோ நீங்கள் முந்திக்கொள்ளாமல், அவர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.