அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஓர் அணியின் ‘அஃபென்ஸ்’ ஒரே ஆண்டில் எப்படித் தலைகீழாக மாறுகிறது?

இது நம் ஊர்க் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்க ஆட்டம். பந்து தம்மிடம் இருக்கும்போது களமிறங்கும் பதினொரு பேரும், அவர்கள் ஆடும் திட்டமும் சேர்ந்ததே அஃபென்ஸ்.

ஒரு மாணவர் பொதுவாக நான்கு சீசன்கள்தான் ஆட முடியும். அதற்குள் சிலர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விடுவார்கள், சிலர் வேறு கல்லூரிக்கு மாறிவிடுவார்கள். பயிற்சியாளர்களும் அப்படியே. கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரர் மாறினால், அதே அரிசி பருப்பில் வேறு ருசி வருகிறதல்லவா?

லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியைப் பாருங்கள். பந்தை எறியும் குவாட்டர்பேக் ஜோ பர்ரோ, 2018இல் எறிந்த டச்டவுன்கள், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெற்றவை, 16. அடுத்த ஆண்டு ஜோ பிரேடி என்ற இளம் உதவிப் பயிற்சியாளர் வந்தார். ஐந்து பேர்வரை பந்தைப் பிடிக்க ஓடும்படி ஆட்டத்தை விரித்துப்போட்டார். எதிரணி யாரைத்தான் காவல் காக்கும்? பர்ரோவின் கணக்கு 60 ஆனது. அணி 15 ஆட்டங்களையும் வென்று தேசிய சாம்பியன் ஆனது. சும்மா சொல்லக்கூடாது, அப்படியொரு பாய்ச்சல் அபூர்வம். பிறகு இருவருமே தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். 2020இல் ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி.

தலைமைப் பயிற்சியாளர் மாறினால்தான் ஆட்டம் மாறும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த மூன்று ஆண்டுகளிலும் அந்த நாற்காலியில் இருந்தவர் எட் ஓர்ஜெரான் ஒருவரே.