எண்ணெய்க் கம்பனி வேலையும் மூன்று மாத டிப்ளோமாவும்

வணக்கம் ஐயா,

என் தம்பி சாதாரண தரம் முடித்துவிட்டு ஒரு வெல்டிங் கடையில் வேலை செய்கிறான். கேட், கிரில் வேலைதான். வளைகுடாவில் எண்ணெய்க் கம்பனிகளுக்கு ஆள் தட்டுப்பாடு என்கிறார்கள். கொழும்பில் ஒருவர் மூன்று மாத 'ஒயில் அண்ட் கேஸ் டிப்ளோமா' படித்தால் வேலை நிச்சயம் என்று நான்கு லட்சம் கேட்கிறார். அம்மாவின் ஈ.பி.எப். காசு வந்திருக்கிறது. கட்டலாமா?

எஸ்., மஸ்கெலியா

அன்புள்ள எஸ்.,

கட்ட வேண்டாம். அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த காசு அது.

தட்டுப்பாடு உண்மைதான். 2014இன் பிற்பகுதியில் எண்ணெய் விலை விழுந்தபோதும், 2020இல் கொரோனா வந்தபோதும் கம்பனிகள் ஏராளமானோரை வீட்டுக்கு அனுப்பின. வேறு தொழிலுக்குப் போன பலர் திரும்பவில்லை, மூத்தவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். அதனால் இப்போது தேடுவது பல வருஷம் குழாயில் வேலை செய்த வெல்டரை, பைப் பிட்டரை, இன்ஸ்ட்ரூமென்ட் டெக்னீசியனை. புதியவர்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. மூன்று மாதத் தாள் அந்த அனுபவத்தைத் தராது.

தம்பி கையில் ஏற்கெனவே வெல்டிங் இருக்கிறது, அதையே குழாய் வெல்டிங்காக வளர்க்க வேண்டும். கம்பனிகள் வைக்கும் சோதனை 6ஜி. வழக்கமாக 6 அங்குலக் குழாய், வெளிவிட்டம் 168 மில்லிமீற்றர், சுவர் ஏறக்குறைய 11 மில்லிமீற்றர். அதை 45 பாகை சாய்த்துப் பூட்டிவிடுவார்கள், திருப்ப முடியாது. இரு முனையும் 37.5 பாகை சரிவு, நடுவில் 3 மில்லிமீற்றர் அளவு இடைவெளி. முதல் ஓட்டம் டிக் (ஆர்கன் வாயுவின் காப்பில் டோர்ச்சால் செய்யும் வெல்டிங்), மேலே 7018 என்ற வகை வெல்டிங் ரொட். கேட்டுக்கு 6013 ரொட்டைக் கிடையாக ஓட்டிப் பழகிய கை இங்கே முதலில் தடுமாறத்தான் செய்யும்.

தோற்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். குழாயின் அடிப்பக்கத்தில் உருகிய உலோகம் கீழே தொங்க, உள்ளே குழி விழும். குழாய்களை முதலில் பிடித்துவைக்கப் போடும் சிறு வெல்டான டேக்கின் இரு முனையையும் கிரைண்டரால் மெலிதாகச் சரிக்காவிட்டால் ஓட்டம் அதோடு சேராது. வெல்டிங் சுருங்கச் சுருங்க எதிர்ப்பக்க இடைவெளி மூடிக்கொண்டு, அங்கே வேர் (மூட்டின் உள்ளடி) உருகாமல் நிற்கும். ஆர்க்கை நிறுத்தியவுடன் டோர்ச்சை இழுத்தால் கடைசிப் புள்ளியில் ஊசித்துளை, ஆர்கன் சில விநாடி அங்கேயே நிற்க வேண்டும். எல்லாம் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும்.

7018 ஈரத்தை இழுக்கும். மஸ்கெலியா மூட்டத்தில் பெட்டியைத் திறந்தே வைத்தால் துளையும் வெடிப்பும்தான் மிஞ்சும். நனைந்ததை 350 பாகை செல்சியஸ் அளவில் ஒரு மணி நேரம் சூடாக்கி, பிறகு 120 பாகைச் சூட்டில் வைத்தே எடுக்க வேண்டும். சரியான அளவு பெட்டியிலேயே இருக்கும். அடுப்படியில் காயவைத்தால் போதாது.

எந்தப் பயிற்சி நிலையத்துக்குப் போனாலும் இதைக் கேளுங்கள்: டிக் மெஷின் எத்தனை, ரொட்டைச் சூடாக்கும் மின்னடுப்பு இருக்கிறதா, வாரத்துக்கு ஒருவருக்கு எத்தனை குழாய் மூட்டு கொடுப்பீர்கள்? காசு குழாய்க்கும் ஆர்கனுக்கும் போக வேண்டும். கடை அனுபவத்தையே வைத்து என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கான மதிப்பீட்டுக்குப் போகலாம், அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவில் விசாரியுங்கள். பிறகு உள்ளூரில் சில வருஷம். லக்ஷபான, கென்யன் பக்கத்து மின்நிலையங்களில் பென்ஸ்டொக் எனும் பெரிய நீர்க்குழாயைப் பழுதுபார்க்கும் கொந்தராத்துக்காரர்களிடமும், சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் திருத்தத்துக்கு மூடும் காலத்திலும் வேலை கேட்டுப் பாருங்கள். சேவைக் கடிதத்தில் 'வெல்டர்' என்று மட்டும் எழுதவிடாதீர்கள், குழாய் அளவு, டிக், ஆர்க் எல்லாம் வரட்டும்.

யாராவது '6ஜி சேர்ட்டிபிகேட்' விற்றால் வாங்காதீர்கள். ஏ.எஸ்.எம்.இ. எனும் அமெரிக்கப் பொறியியலாளர் சங்கத்தின் விதிப்படி ஒவ்வொரு கம்பனியும் தன் வெல்டரைத் தானே சோதிக்கும், ஆறு மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாவிட்டால் தகுதி காலாவதி. கடல்மேடைக்குப் போகிறவர்களுக்கான போசியட் எனும் பாதுகாப்புப் பயிற்சியையும் சேர்த்து விற்பார்கள், கரையிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு அது தேவைப்படாது.

கொழும்புக்காரரிடம் அனுமதி எண்ணையும் ஜொப் ஓடரையும் (வெளிநாட்டுக் கம்பனி ஆள் கேட்டு அனுப்பிய கடிதம்) கேட்டு, 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். ஜொப் ஓடரைக் காட்டினால் ஆள் விபரத்தை மறைத்து எனக்கு அனுப்புங்கள், எந்தத் தர வெல்டரைக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.