வெளி ஸ்டொப்கொக்கைத் திறந்து வீட்டுக்குத் தண்ணீர் விடுவது: கேள்வி பதில்

லண்டனில் 20 வருடமாக பைப் வேலை செய்கிறேன். புது வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனால் குழாயில் ஒரு சொட்டும் இல்லை என்று அடிக்கடி யாராவது போன் எடுப்பார்கள். கிணறும் மோட்டாரும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, நடைபாதைக்கு அடியில் வீட்டுக்கென்று தண்ணீரைப் பூட்டித் திறக்கிற ஒரு வால்வு, அதாவது ஸ்டொப்கொக், இருக்கிறதென்று யார் சொல்லித் தந்தது! வந்த கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (ஹரோ): அண்ணா, குசினி சிங்க்குக்குக் கீழே உள்ள ஸ்டொப்கொக் திறந்துதான் கிடக்கிறது, தண்ணீர் வரவில்லை. வெளியில் எங்கே தேட வேண்டும்?

வாசலுக்கு முன்னால், உங்கள் காணி எல்லைக்குக் கிட்ட, நடைபாதையில் சின்ன இரும்பு மூடியோ பிளாஸ்டிக் மூடியோ இருக்கும். மேலே டபிள்யூ, எஸ்வி, வோட்டர் இப்படி ஏதாவது எழுதியிருக்கும். பக்கத்தில் காஸ் மூடியும் இருக்கலாம், அதில் கை வைக்க வேண்டாம் தங்கச்சி. தட்டையான ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் மூடி வரும், உள்ளே மண்ணும் சேறும் சிலந்தியும்தான் முதலில் தெரியும், டோர்ச் கொண்டு போங்கள். இங்கே குளிரில் உறையாமல் இருக்க நிலத்தடி பைப்பைக் குறைந்தது 750 மில்லிமீற்றர் ஆழத்தில் போட வேண்டுமென்று விதி, அதனால் பழைய வால்வுகள் கை எட்டாத ஆழத்தில் கிடக்கும். நீளமான 'டி' வடிவத் திறப்பு ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும்.

ஆனால் அதற்கு முதல் ஒன்று: முன்பு இருந்தவர்கள் அதை ஏன் பூட்டினார்கள் என்று வீட்டு ஏஜென்டிடம் கேளுங்கள். உள்ளே எங்காவது பைப் வெடித்துத்தான் பூட்டினார்கள் என்றால், நீங்கள் திறக்கிற அன்றைக்கே சீலிங் கீழே வந்துவிடும்.

கேள்வி (குரொய்டன்): எந்தப் பக்கம் திருப்புவது? எதை முதல் திறப்பது?

மணிக்கூட்டு முள் ஓடும் பக்கம் திருப்பினால் பூட்டும், எதிர்ப்பக்கம் திருப்பினால் திறக்கும். அதைவிட ஒழுங்குதான் முக்கியம். முதலில் வீட்டுக்குள் இருக்கும் ஸ்டொப்கொக்கைப் பூட்டுங்கள், வோஷிங் மெஷின் குழாய், வெளிக் குழாய், பாத்ரூம் குழாய் எல்லாவற்றையும் பூட்டுங்கள். பிறகு வெளி வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்து நில்லுங்கள். தோட்டத்துக்கு அடியில் ஓடும் பைப் உடைந்திருந்தால் 'ஸ்ஸ்' என்ற சத்தம் ஓயாது, மீற்றர் இருந்தால் அதுவும் சுற்றிக்கொண்டே இருக்கும், வீட்டுக்குள் ஒன்றும் நனையாமலே விஷயம் தெரிந்துவிடும். சத்தம் அடங்கினால் முழுதாகத் திறவுங்கள்.

இப்போது உள்ளே வந்து குசினிக் குளிர் தண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு, உள் ஸ்டொப்கொக்கையும் அதேபோல் மெதுவாக. காற்று துப்பித் துப்பி வெளியேறும், பயப்பட வேண்டாம். ஒரேயடியாகத் திறந்தால் வெறும் பைப்புக்குள் ஓடி வரும் தண்ணீர் வளைவுகளில் போய் சுத்தியலால் அடித்த மாதிரி மோதும், பழைய மூட்டுகள் கழருவது பெரும்பாலும் அப்போதுதான். முழுதும் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் விடுங்கள், அடுத்த முறை இறுகிக் கிடக்காது.

கேள்வி (ரூட்டிங்): வெளி வால்வு நன்றாகச் சுற்றுகிறது அண்ணா, ஆனால் தண்ணீர் வரவில்லை!

இது நல்ல கேள்வி. பழைய பித்தளை வால்வுகள் பலவற்றில், நீங்கள் சுற்றுகிற கம்பியின் அடியில் ரப்பர் வாசர் வைத்த ஒரு சின்னத் தட்டு இருக்கும். ஜம்பர் என்பார்கள். அது கம்பியோடு ஒட்டியிருக்காது, சும்மா செருகியிருக்கும். நீங்கள் கம்பியை மேலே எடுத்தால் தண்ணீரின் அழுத்தம்தான் அதைத் தூக்க வேண்டும். பல வருடம் பூட்டிக் கிடந்தால் ரப்பர் அடியில் ஒட்டிப்போகும், கம்பி மேலே வரும், தட்டு அசையாது. நாலைந்து தடவை மெதுவாகப் பூட்டித் திறந்து பாருங்கள், சில வேளை 'டப்' என்று விடும். பிடிப்பே இல்லாமல் கம்பி எவ்வளவும் சுற்றினால் புரி தேய்ந்துவிட்டது. இரண்டிலும் அதற்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம், எல்லை வரைக்கும் உள்ள பைப்பும் அந்த வால்வும் பொதுவாகத் தண்ணீர்க் கம்பனியின் பொறுப்பு, அவர்களைக் கூப்பிடுங்கள்.

மீற்றரோடு கூடிய புது பிளாஸ்டிக் பெட்டி என்றால் கையால் திருப்புகிற அளவு பலம் போதும். ஒரு தம்பி அதில் பெரிய ஸ்பானர் போட்டு முறித்தார், நான் போய்ச் சேரும்போது தெருவெல்லாம் வாய்க்கால்.

கேள்வி (ஈஸ்ட்ஹாம்): நான் வால்வைப் பூட்டித் திறந்தேன், பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். ஏன்?

வரிசை வீடுகளில் பழைய காலத்தில் இரண்டு மூன்று வீட்டுக்கு ஒரே பைப் இழுத்திருக்கிறார்கள். அவர் தலையில் சோப்போடு நின்றிருப்பார் பாவம். அடுத்த முறை முதலே கதவைத் தட்டிச் சொல்லுங்கள்.

கேள்வி (லெஸ்டர்): இரண்டு மாதம் ஊரில் நின்றுவிட்டு வந்து திறந்தால் முதலில் மண்ணிறம், பிறகு பால் மாதிரி வெள்ளை. குடிக்கலாமா தம்பி?

வெள்ளை என்றால் காற்று, அக்கா. கிளாசில் பிடித்து வைத்தால் அடியிலிருந்து தெளிந்து வரும். மண்ணிறம் இரும்புத் துரு, குசினிக் குழாயைத் தெளியும்வரை ஓட விடுங்கள். தெளியாவிட்டால் கம்பனிக்குச் சொல்லுங்கள். ஷவரில் இவ்வளவு நாள் தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும், ஷவர் தலையைக் கழற்றிவிட்டு ஓட விடுங்கள், தெறிக்கும் நீர்த்தூறலை மூச்சில் எடுக்க வேண்டாம். 1970க்கு முந்திய வீடு என்றால் பைப்பை நாணயத்தால் சுரண்டிப் பாருங்கள், மென்மையாக, வெள்ளி மாதிரி மினுங்கினால் ஈயம். தேங்கி நின்ற தண்ணீரை அதில் குடிக்கவே கூடாது.

கேள்வி (இல்ஃபோர்ட்): பொய்லரை எப்போது போடலாம்?

எல்லாக் குழாயிலும் காற்றில்லாமல் தண்ணீர் வந்த பிறகு. கொம்பி பொய்லரில் (தொட்டி இல்லாமல் வீட்டுச் சூட்டுக்கும் சுடுதண்ணீருக்கும் ஒன்றாக உள்ளது) அழுத்தம் காட்டும் முள் 1 முதல் 1.5 பாருக்குள் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வெம்பிளி): எல்லாம் சரி, ஆனால் உள் ஸ்டொப்கொக்கின் கம்பியடியில் துளித்துளியாகக் கசிகிறது.

கைப்பிடிக்குக் கீழே உள்ள சின்ன நட்டை ஸ்பானரால் ஒரு எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்குங்கள், அதிகமாக இறுக்கினால் கைப்பிடி திரும்பாது. நிற்கவில்லை என்றால் உள்ளே கம்பியைச் சுற்றிக் கசிவை அடைக்கிற பக்கிங் போய்விட்டது, மாற்ற வேண்டும். அப்புறம் எல்லாக் குழாயையும் பூட்டி மீற்றர் எண்ணை எழுதி வையுங்கள், ஒரு மணி நேரம் ஒருவரும் தண்ணீர் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் கசிவு வேறெங்கோ இருக்கிறது, முதலில் டொய்லெட் தொட்டியைப் பாருங்கள்.