எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு: மீன், பவுடர், நடை

கேள்வி (கடலூர் முதுநகர்): ஸ்லீவ் அறுவை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இரண்டு துண்டு மீன் சாப்பிட்டாலே நெஞ்சில் கல் மாதிரி நிற்கிறது. இனி எனக்குப் புரதம் செரிக்காதா?

செரிக்கும், பயப்படாதீர்கள். இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிட்டதால் அமிலமும், புரதத்தை உடைக்கும் பெப்சின் என்ற நொதியும் குறைந்திருக்கும். ஆனால் புரதச் செரிமானத்தில் பெரிய வேலை சிறுகுடலில், கணையநீரால் நடக்கிறது. ஸ்லீவில் அதைத் தொடுவதில்லை. கல் மாதிரி நிற்பதற்குப் பெரும்பாலும் அவசரமும், மொறுமொறுவென வறுத்த மீனும்தான் காரணம். வறுவலைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டு, குழம்பில் வெந்த கிழங்கா மீனோ எண்ணெய் குறைத்த சுறாப்புட்டோ சாப்பிட்டுப் பாருங்கள். கூழாகும்வரை மெல்லுங்கள். தட்டில் முதலில் மீன், அப்புறம் காய், இடமிருந்தால் சோறு. தண்ணீர் அரை மணி நேரம் கழித்துத்தான். வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பைப் பாதிக்கும். உடனே அறுவை செய்த டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): நான் சைவம். இட்லி சாம்பார் போதாதா?

போதாது. பொதுவாக நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கும், நீங்களே சொல்லுங்கள். பன்னீர் 100 கிராமில் ஏறக்குறைய 18 கிராம் கிடைக்கும். கெட்டித் தயிர், சோயா, சுண்டல் என்று நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிடுங்கள். மீதிக்கு வே (whey) பவுடர், அதாவது பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர். கொலாஜன் பவுடரை இதற்கு ஈடாக வைக்காதீர்கள். அதில் உடலுக்கு அவசியமான டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் கிடையாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி (புதுச்சேரி): தினமும் மாலை கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். 25 கிலோ குறைந்துவிட்டது. ஆனால் மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது.

எனக்குக் கவலை தருவது இந்தக் கேள்விதான். குறைந்த 25 கிலோ முழுவதும் கொழுப்பு மட்டுமல்ல. அதில் தசையும் போயிருக்கிறது. நடை இதயத்துக்கு நல்லது, விட வேண்டாம். ஆனால் தொடைத் தசைக்கு எடை தாங்கும் வேலை வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள். ரப்பர் பட்டையை இழுங்கள். வாரம் இரண்டு மூன்று நாள் போதும், டாக்டரின் அனுமதியோடு. பி12, இரும்பு, வைட்டமின் டி அளவையும் பாருங்கள். இவை குறைந்தாலும் அசதியும் பலவீனமும் வரும்.

கேள்வி (வில்லியனூர்): முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை போடலாமா?

மூன்றாம் மாதத்திலிருந்து இப்படி உதிர்வது சகஜம். பெரும்பாலும் திரும்ப வளரும். முதலில் புரதத்தையும் இரும்பையும் சரிசெய்யுங்கள். பயோட்டின் எடுத்தால் ரத்தம் கொடுக்கும் முன் லேபில் சொல்லிவிடுங்கள். தைராய்டு முடிவை அது தப்பாகக் காட்டக்கூடும்.